பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு: கணக்கு அட்டவணைகளை வகுக்கும் முறை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். அளப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அளந்ததை எழுதி வைக்க வேண்டும். எழுதியதை, வேண்டும்போது தேடி எடுக்கக்கூடிய இடத்தில் எழுதி வைக்க வேண்டும். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறி, அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவான காலந்தொட்டு, கூட்டுறவு இயக்கத்தின் பலம் அதன் ஏடுகளிலேயே தங்கியிருக்கிறது. அங்கத்தினர் பதிவேடு, ரொக்கக் குறிப்பேடு, கடன் பேரேடு, சரக்கு இருப்பு ஏடு ஆகியவை ஒழுங்காக இருந்த சங்கம் தழைத்தது; அவை சீர்குலைந்த சங்கம் தணிக்கையாளரின் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தளர்ந்தது.

இப்போது அந்த ஏடுகள் கணிப்பொறிக்குள் குடிபுகுகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் சுமார் 63,000 சங்கங்கள், ரூ. 2,516 கோடி மதிப்பீடு என்று தொடங்கிய இத்திட்டத்தை நபார்டு வங்கி முன்னின்று நடத்துகிறது. தமிழகத்துச் சங்கங்களும் இதில் சேர்ந்துள்ளன. ஆதலின் கணிப்பொறிக்குள் கணக்கு எவ்வாறு வகுத்து வைக்கப்படுகிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருப்பது நலம். இது இயந்திரம் இயக்குவோருக்கு மட்டும் உரிய வித்தை அன்று. இதன் அடிப்படை, நல்ல கணக்குப்பிள்ளை ஒருவருக்குத் தெரிந்த அடிப்படையேயாகும்.

இதனால் நமக்கு ஆவது என்ன?

ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம். கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை, அதாவது 40 கிராம் வரை, நகை அடகு வைத்துப் பெற்ற கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்று 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 40 கிராம் என்ற வரம்பு ஒரு கடனுக்கு உரியதன்று. குடும்ப அட்டையின்படி ஒரு குடும்பத்தார் அனைவரும் வைத்த நகையின் மொத்தத்திற்கு உரியது. அரசு ஊழியர் குடும்பங்களுக்கும், அதே ஆண்டில் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றோருக்கும் இச்சலுகை இல்லை என்றும் விதிக்கப்பட்டது. சுமார் 48 லட்சம் கடன்களின் விவரங்கள் திரட்டப்பட்டுக் கணிப்பொறியில் ஒப்பிடப்பட்டன. முடிவில் தகுதியுடையவை என்று கண்டவை 13 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவையே. குடும்ப அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடாதவர்களும், தவறாகக் கொடுத்தவர்களும் தகுதியற்றோர் வரிசையில் சேர்ந்தார்கள்.

கணவர் ஒரு சங்கத்தில் 24 கிராம் அடகு வைத்திருக்கிறார். மனைவி பக்கத்து ஊர்ச் சங்கத்தில் 24 கிராம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு சங்கத்துப் பேரேட்டையும் தனித்தனியே பார்த்தால் இருவரும் வரம்புக்குள் இருப்பவர்களே. இரண்டையும் சேர்த்தால் 48 கிராம் ஆகிறது, வரம்பு கடந்துவிடுகிறது. இவ்விரண்டு வரிகளும் ஒரே குடும்பத்துக்கு உரியவை என்று காட்டும் இழை ஏட்டில் இருந்தால்தான் இக்கணக்கைப் போட முடியும். இழை இல்லையேல், உரியவர் பெறாமற் போவதும் உரிமையில்லாதவர் பெற்றுவிடுவதும் நேரும். ஏட்டில் எந்தப் பத்தி இருக்க வேண்டும், எந்த ஏடு எந்த ஏட்டோடு எந்த எண்ணால் இணைய வேண்டும் என்ற வினா எத்துணை பெரியது என்பதை இந்த ஒன்றே காட்டும்.

காட் என்னும் கணித அறிஞர்

இத்தகைய ஏடுகளைக் கணிப்பொறியில் வகுக்கும் முறைக்கு உறவுநிலைத் தரவுத்தளம் என்று பெயர். தரவு என்பது பதிந்து வைத்த செய்தி. தரவுத்தளம் என்பது அச்செய்திகளின் களஞ்சியம். இம்முறையை வகுத்தவர் எட்கர் எஃப். காட். 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தவர். அந்நிறுவனத்தின் கலிபோர்னியா ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது, 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையே இத்துறைக்கு வித்தாயிற்று. அப்பணிக்காக 1981ஆம் ஆண்டில் கணிப்பொறி உலகின் உயர்ந்த பரிசாகிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவருக்கு முன் கணிப்பொறியில் செய்திகள் மரத்தின் கிளைகளைப் போல் அடுக்கப்பட்டிருந்தன. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்தின் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க 1960களில் உருவான ஏற்பாடு அத்தகையதே. அடிமரத்திலிருந்து எந்தக் கிளை வழியாக எந்த இலைக்குச் செல்ல வேண்டும் என்று வழி தெரிந்தவரே ஒரு செய்தியை எடுக்க இயலும். அடுக்கை மாற்றினால், அதை நம்பி எழுதிய வேலைத்திட்டங்கள் யாவும் பழுதாகிவிடும். காட் கூறிய மாற்று மிக எளியது. எல்லாச் செய்திகளையும் வரியும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாகவே வைப்போம். ஓர் அட்டவணையை மற்றொன்றோடு இணைப்பது, இரண்டிலும் உள்ள பொதுவான மதிப்பேயன்றி மறைவான வழி எதுவும் அன்று என்றார் அவர். கணிதத்தில் இவ்வகை அட்டவணைக்கு உறவு என்று பெயர். உறவுநிலை என்ற சொல் அதிலிருந்தே வந்தது.

பாவும் ஊடையும்

அட்டவணையைத் தறியில் ஏற்றிய துணியாக எண்ணிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் பத்திகள் பாவு இழைகள்; குறுக்கே ஒவ்வொன்றாகச் சேரும் வரிகள் ஊடை. ஊடையை நாள்தோறும் ஓட்டிக்கொண்டே போகலாம். பாவோ, நெசவு தொடங்குமுன் எண்ணி ஓட்டிப் பிணைத்து முடிக்க வேண்டியது. பாதித் துணி நெய்தபின் பாவில் இழை குறைகிறதென்று கண்டால் படும் பாட்டை நெசவாளர் அறிவர். அவ்வாறே எந்த அட்டவணையில் எந்தப் பத்திகள் என்பதை முதலில் தீர யோசித்து வகுக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் தரவுத்தள வடிவமைப்பு என்று பெயர்.

ஒரே ஏட்டில் எல்லாம் எழுதினால்

ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சங்கம் நூல் கொடுக்கிறது. அங்கத்தினர் நெய்து துணியைக் கொண்டுவந்து சேர்க்கிறார். ரகத்துக்கு ஏற்பக் கூலி பெறுகிறார். இதற்காக ஒரே பெரிய ஏடு வைத்து, ஒவ்வொரு வரியிலும் தேதி, அங்கத்தினர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், துணி ரகம், ரகத்தின் நீள அகலம், கூலி வீதம், வந்த துணிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு வசதியாகவே இருக்கும். 200 அங்கத்தினர்கள் மாதம் நான்கு தடவை துணி கொண்டுவந்தால் மாதத்துக்கு 800 வரிகள். ஆண்டுக்கு 9,600 வரிகள். ஒருவருடைய பெயரும் ஊரும் ஓர் ஆண்டில் 48 தடவை எழுதப்படுகின்றன. எழுதும் உழைப்பு வீணாவதைக் கணிப்பொறி பொறுத்துக்கொள்ளும். ஆயினும் அதைவிடப் பெரிய இடர்கள் மூன்று உண்டு.

முதலாவது, திருத்தும்போது வரும் இடர். போர்வை ஒன்றுக்கு 150 ரூபாயாக இருந்த கூலி 165 ரூபாயாக உயர்கிறது என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். இன்னும் பட்டுவாடா ஆகாத வரிகளில் எல்லாம் வீதத்தை மாற்ற வேண்டும். நூறு வரிகளை மாற்றியவர் ஒரு வரியை விட்டுவிட்டால், 12 போர்வை கொண்டுவந்த அந்த ஒரு நெசவாளருக்கு 180 ரூபாய் நஷ்டம். ஏட்டிலோ ஒரே ரகத்துக்கு இரண்டு வீதங்கள் நிற்கும். எது சரி என்று ஏடு சொல்லாது.

இரண்டாவது, சேர்க்கும்போது வரும் இடர். புதிய கரைபோட்ட ஜமக்காளத்துக்கு நிர்வாகக் குழு கூலி நிர்ணயித்துவிட்டது. இன்னும் எவரும் அதை நெய்து கொண்டுவரவில்லை. துணி வந்தால்தான் வரி உண்டு என்ற ஏட்டில் அந்த வீதத்தை எழுத இடமே இல்லை.

மூன்றாவது, நீக்கும்போது வரும் இடர். ஓர் அருமையான பழைய ரகத்தை ஒரே ஒரு முதியவர்தான் நெய்து வந்தார். அவர் தறியை நிறுத்திவிட்டார். ஆண்டுகள் கடந்து, பழைய வரிகளைக் கழித்தபோது அந்த ரகத்தின் நீள அகலமும் கூலியும் அவற்றோடு சேர்ந்து மறைந்துபோகின்றன. நெசவாளர் தறியை விட்டு நீங்கியது ஒரு செய்தி. ரகத்தின் அளவு வேறொரு செய்தி. இரண்டையும் ஒரே வரியில் கட்டி வைத்ததால் ஒன்று போகையில் மற்றதும் போயிற்று.

இம்மூன்று இடருக்கும் மூலம் ஒன்றே. அங்கத்தினரைப் பற்றிய செய்தி, ரகத்தைப் பற்றிய செய்தி, துணி வரவைப் பற்றிய செய்தி என்ற மூவகையும் ஒரே வீட்டில் அடைக்கப்பட்டிருக்கின்றன.

தனித்தனி வீடு

ஆகவே வடிவமைப்பின் முதல் வேலை, நம் தொழிலில் எவ்வெவற்றைப் பற்றிச் செய்தி வைக்க வேண்டியிருக்கிறது என்று பிரித்தறிவது. பிரித்தபின் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை அமைக்க வேண்டும்.

அங்கத்தினர் அட்டவணை: அங்கத்தினர் எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர்.

ரக அட்டவணை: ரக எண், ரகத்தின் பெயர், நீளம், அகலம்.

கூலி வீத அட்டவணை: ரக எண், அமலுக்கு வரும் தேதி, வீதம்.

துணி வரவு அட்டவணை: வரவு எண், தேதி, அங்கத்தினர் எண், ரக எண், எண்ணிக்கை.

இனி அங்கத்தினர் ஊர் மாறினால் ஒரே வரியில் திருத்தினாற் போதும். புதிய ரகத்தை எவரும் நெய்யாதபோதே பதியலாம். பழைய வரவுகளைக் கழித்தாலும் ரகம் நிலைத்திருக்கும்.

கூலி வீதத்துக்கு ஏன் தேதியுடன் தனி அட்டவணை என்று சிலர் கேட்கலாம். வீதத்தை ரக அட்டவணையிலேயே வைத்து, உயர்ந்தபோது பழையதை அழித்துப் புதியதை எழுதினால், போன மாதத்துத் துணிக்கும் இன்றைய வீதமே கணக்காகிவிடும். முன்பு கொடுத்த கூலி சரியா என்று தணிக்கையாளர் கேட்டால் சான்று இராது. காலத்தோடு மாறுகின்ற எதையும் அது அமலுக்கு வந்த தேதியோடு சேர்த்தே பதிய வேண்டும். அவ்வாறே, பட்டுவாடா செய்த தொகையைப் பட்டுவாடா அட்டவணையில் எழுதி வைப்பது மிகையன்று. அந்த நாளில் கை மாறிய பணம் அதுவே என்பது அந்தப் பட்டுவாடாவைப் பற்றிய செய்தி. பின்னர் வீதம் மாறினாலும் அது மாறாது.

திறவுகோல்

ஒவ்வோர் அட்டவணையிலும், ஒரு வரியை மற்ற எல்லா வரிகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் பத்தி ஒன்று இருக்க வேண்டும். அதற்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். பெயரைத் திறவுகோலாக வைக்கலாமா? கொங்கு நாட்டில் எந்த ஊர்ச் சங்கத்திலும் பழனிசாமிகளும் சுப்பிரமணியன்களும் எத்தனை பேர் என்று அங்கத்தினர்களே அறிவர். முன்னெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. ஒரே மனிதர் ஓரிடத்தில் பழனிச்சாமி என்றும், மற்றோரிடத்தில் பழனிசாமி என்றும், இன்னோரிடத்தில் பழனியப்பன் என்றும் எழுதப்படுவதும் உண்டு. கணிப்பொறிக்கு இவை மூன்று வெவ்வேறு மனிதர்கள். தொலைபேசி எண் மாறக்கூடியது. ஒரே எண்ணைக் குடும்பத்தில் பலர் கொடுப்பதும் இயல்பு. ஆதலின் மாறாததும், இருவருக்குப் பொதுவாகாததும், ஒருவருக்கும் இல்லாமற் போகாததுமான எண்ணையே திறவுகோலாகக் கொள்ள வேண்டும். சங்கம் தானே வழங்கும் அங்கத்தினர் எண் அதற்கு ஏற்றது.

அந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 412ஆம் எண் அங்கத்தினர் ஒரு சங்கத்திலும் இருப்பார், பக்கத்துச் சங்கத்திலும் இருப்பார். பல சங்கங்களின் ஏடுகளை ஒன்று சேர்க்கும்போது சங்கத்தின் குறியீட்டையும் அங்கத்தினர் எண்ணையும் இணைத்தே ஒரு திறவுகோலாக்க வேண்டும். அப்படி இணைத்தாலும், இரு சங்கங்களில் அங்கத்தினராக உள்ள ஒரே மனிதரை ஒருவரே என்று காட்டச் சங்கத்துக்கு வெளியே உள்ள ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. 2021ஆம் ஆண்டில் ஆதார் எண்ணும் குடும்ப அட்டை எண்ணும் கேட்கப்பட்டதன் காரணம் இதுவே. ஆனால் அவ்வெண்களை ஒரு பத்தியில் பாதுகாப்பாக வைப்பது வேறு, அவற்றையே திறவுகோலாக்கி ஏடுதோறும் எழுதிவருவது வேறு. பின்னது ஒருவருடைய அந்தரங்க எண்ணைக் காண்பவர் கைக்கெல்லாம் கொடுப்பதாகும்.

ஓர் அட்டவணையின் திறவுகோல் மற்றோர் அட்டவணையில் வந்து நிற்கும்போது அதனை அயல் திறவுகோல் என்பர். துணி வரவு அட்டவணையில் உள்ள அங்கத்தினர் எண் இத்தகையது. இதற்கு ஒரு கட்டுப்பாடு விதிக்கலாம். அங்கத்தினர் அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு வரவோ கடனோ பதிய வந்தால் கணிப்பொறி ஏற்க மறுக்கும். கடன் நிலுவையிலுள்ள அங்கத்தினரின் வரியை நீக்க முயன்றாலும் மறுக்கும். இல்லாத ஆளின் பெயரில் கடன் எழுதுவதைத் தடுக்கும் காவல் இது. நேர்மையான காரியதரிசிக்கு இது துணை, மற்றவருக்குத் தடை.

பயிர்க்கடனில் ஒரு பாடம்

இனி விவசாயிகள் பக்கம் வருவோம். கடன் மனுவில் பயிர் என்ற கட்டத்தில் மஞ்சள், கரும்பு, வாழை என்றும், பரப்பு என்ற கட்டத்தில் 2, 1, அரை ஏக்கர் என்றும் எழுதிவிடுவது நம் வழக்கம். படிப்பவருக்குப் புரியும். ஆனால் சங்க எல்லையில் மஞ்சள் மொத்தம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் கணிப்பொறியால் கூட்ட இயலாது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு செய்தி என்பது முதல் விதி. ஆகவே கடன் எண், புல எண், பயிர், பரப்பு என்று தனி அட்டவணை வகுத்து, மூன்று பயிருக்கு மூன்று வரிகள் எழுத வேண்டும்.

ஜாமீன் விஷயமும் இவ்வாறே. கடன் பேரேட்டில் முதல் ஜாமீன்தார், இரண்டாம் ஜாமீன்தார் என்று இரண்டு பத்திகள் வைத்தால், மூன்றாமவர் வரும்போது இடமில்லை. அதனினும் மோசம், ஒருவர் எத்தனை கடன்களுக்கு ஜாமீன் நிற்கிறார் என்று அறிய இரு பத்திகளையும் முழுதும் தேட வேண்டும். ஒரு கடனுக்கு ஜாமீன்தார் பலர். ஒருவர் ஜாமீன் நிற்கும் கடன்களும் பல. இவ்வாறு இருபுறமும் பலவாக உள்ள தொடர்பை நடுவே ஓர் அட்டவணை வைத்தே காட்ட வேண்டும். ஜாமீன் அட்டவணையில் கடன் எண், அங்கத்தினர் எண் என்ற இரண்டு பத்திகளே போதும். ஓர் அங்கத்தினர் எண்ணைக் கொடுத்தால், அவர் தலைமேல் எத்தனை பேருடைய சுமை இருக்கிறதென்று நொடியில் தெரிந்துவிடும். புதிய கடனுக்கு அவரை ஜாமீனாக ஏற்கலாமா என்று நிர்வாகக் குழு தெளிவாக முடிவு செய்யலாம். ஏமாற்றப்பட இருந்த ஜாமீன்தாரின் நிலமும் காப்பாற்றப்படும்.

இயல்பாக்கம் என்னும் மூன்று படிகள்

அட்டவணைகளை இவ்வாறு சீர்செய்யும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். முதற்படியைக் காட் 1970ஆம் ஆண்டிலும், அடுத்த இரு படிகளை அதற்கடுத்த ஆண்டிலும் விளக்கினார்.

முதற்படி மேலே கூறியது: கட்டத்துக்கு ஒரு செய்தி.

இரண்டாம் படி, திறவுகோல் இரு பத்திகள் சேர்ந்ததாக இருக்கும் அட்டவணைகளுக்கு உரியது. நம் கூலி வீத அட்டவணையில் ரக எண்ணும் தேதியும் சேர்ந்தே திறவுகோல். அதில் துணியின் அகலத்தையும் எழுதினால் என்ன ஆகும்? அகலத்துக்குத் தேதியோடு தொடர்பில்லை. ரக எண்ணோடு மட்டுமே தொடர்பு. கூலி உயரும்போதெல்லாம் மாறாத அகலத்தை மறுபடி எழுத நேரும். திறவுகோலின் ஒரு பாதியை மட்டும் சார்ந்த செய்தியை அப்பாதிக்குரிய வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாம் படி, சுற்றி வரும் சார்பை நீக்குவது. அங்கத்தினர் அட்டவணையில் ஊருக்குப் பக்கத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் எழுதுகிறோம். அந்த எண் ஊரைச் சார்ந்தது. ஊரோ அங்கத்தினரைச் சார்ந்து வருகிறது. ஒரே ஊர்க்காரர் 60 பேர் இருந்தால் அறுபது இடத்தில் அவ்வெண் வரும்; ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிசகினால் ஓர் ஊருக்கு இரண்டு எண்கள் ஆகிவிடும். ஊர் அட்டவணை என்று ஒன்று வகுத்து அதில் ஒரு தடவை எழுதினால் இப்பிழை வாராது.

மூன்று படிகளின் சாரம் ஒன்றே: ஒரு செய்தி எதைப் பற்றியதோ அதனுடைய வீட்டில், ஒரே ஒரு தடவை, எழுதப்பட வேண்டும்.

பிரித்ததைச் சேர்ப்பது

இவ்வளவு அட்டவணைகளாகப் பிரித்துவிட்டால் ஒரு முழுப் பற்றுச்சீட்டு எழுதுவது எப்படி என்று ஐயம் எழும். கணக்குப்பிள்ளை துணி வரவு ஏட்டில் அங்கத்தினர் எண்ணைப் பார்த்து, அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டிப் பெயரை எடுப்பாரல்லவா? கணிப்பொறியும் அதையே செய்கிறது. இரு அட்டவணைகளிலும் ஒரே எண் உள்ள வரிகளைப் பொருத்தி ஒரு புதிய அட்டவணையாகக் காட்டுகிறது. அதனிடம் கேள்வி கேட்பதற்கென்று எஸ்.க்யூ.எல். என்றொரு மொழி உண்டு. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்களான சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவர் 1974ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவை வெளியிட்டனர். எந்த வழியாகத் தேட வேண்டும் என்று அதில் சொல்ல வேண்டியதில்லை. எது வேண்டும் என்று சொன்னாற் போதும்.

நகைக்கடன் வினாவுக்குத் திரும்புவோம். கடன் அட்டவணையில் கடன் எண், சங்கக் குறியீடு, அங்கத்தினர் எண், நகையின் எடை உள்ளன. அங்கத்தினர் அட்டவணையில் குடும்ப எண் உள்ளது. இரண்டையும் பொருத்தி, குடும்ப எண் வாரியாக எடையைக் கூட்டி, 40 கிராமுக்கு மிகாதவற்றைக் காட்டுக என்பதே கேள்வி. கணவரின் 24 கிராமும் மனைவியின் 24 கிராமும் ஒரே குடும்ப எண்ணின்கீழ் வந்து 48 ஆகும். குடும்ப எண் பிழையாக இருந்தாலோ, மூவகையான தீங்கு நேரும். ஒரே குடும்பம் இரண்டாகத் தோன்றும். அயலார் இருவர் ஒரு குடும்பமாகத் தோன்றுவர். அல்லது எந்தக் குடும்பத்திலும் சேராமல் ஓர் ஏழை நெசவாளர் வெளியே நின்றுவிடுவார்.

அளவறிந்து செய்தல்

பிரிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. முகவரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டவணை வகுத்தால் வேலை பெருகுமேயன்றிப் பயன் பெருகாது. மாதாந்தரச் சுருக்கக் கணக்கு போன்றவற்றை விரைவுக்காகத் தனியே கூட்டி வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அது நகல், மூலம் வேறிடத்தில் இருக்கிறது என்பதை மறவாமல் செய்ய வேண்டும். மேலும் எந்த வடிவமைப்பும் பொய்யை மெய்யாக்காது. 24 கிராமை 42 கிராம் என்று இலக்கம் மாற்றிப் பதிந்துவிட்டால், மிகச் சீரான அட்டவணையும் அந்தத் தவற்றையே சீராகக் காத்து வரும்.

இங்கேதான் அங்கத்தினரின் கடமை வருகிறது. பழைய பேரேடுகள் கணிப்பொறிக்கு மாறும் இக்காலத்தில், சங்கத்துக்குச் சென்று தம் வரியைத் தாமே ஒருமுறை பார்த்துச் சரி காண்பது ஒவ்வொருவருக்கும் நல்லது. பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கிறதா? அங்கத்தினர் எண் பழைய பாஸ்புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா? குடும்ப அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இலக்கம் பிசகாமல் உள்ளனவா? வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா? புல எண்ணும் பயிரும் பரப்பும் சரியா? தீர்த்த கடன் தீர்ந்ததாகக் காட்டப்படுகிறதா? தமக்குத் தெரியாமல் எந்தக் கடனுக்கேனும் ஜாமீன்தாராகப் பெயர் நிற்கிறதா? இவற்றைக் கேட்பது அங்கத்தினரின் உரிமை. விடை தருவது சங்கத்தின் கடமை. பிழை இருந்தால் எழுத்து மூலம் தெரிவித்து, திருத்தியபின் நகல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. மென்பொருள் தருவோர் வரும்போது, திரையின் அழகையும் அச்சுச் சீட்டின் வேகத்தையும் மட்டும் பார்த்து அமைந்துவிடாமல், ஒரு செய்தி எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்றும், கூலி வீதம் மாறினால் பழைய வீதம் எங்கே நிற்கும் என்றும், இல்லாத எண்ணுக்குக் கடன் பதிய முயன்றால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தால் பாவு சரியாக ஓட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு ஊடையை நாம் அன்றாடம் நம்பிக்கையோடு ஓட்டிக்கொண்டு போகலாம்.